மூன்று முறை கேட்ட பிறகு சொல்லுங்கள்



2025 மார்ச் மாதம் ஒரு நாள் இரவு நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நலம்கூட விசாரிக்கவில்லை. “ஸ்டீவன் வில்சனுடைய புது ஆல்பம் வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்து, விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். மொத்தம் 42 நிமிடம். நடுவில் எழுந்திருக்கக் கூடாது. மூன்று முறை கேட்டு முடிக்கும்வரை எனக்குப் போன் பண்ணவும் கூடாது” என்றார். வைத்துவிட்டார்.

அந்த மூன்று முறைக் கணக்கு அவர் கண்டுபிடித்ததல்ல. புரோக்ரசிவ் ராக் என்ற இசையை நேசிப்பவர்கள் பலரிடமும் இந்தப் பழக்கம் உண்டு. சுருக்கமாக ‘ப்ராக்’ என்பார்கள். ஒரு புது ஆல்பம் கைக்கு வந்தால் முதல் முறை கேட்டதும் நல்லது கெட்டது சொல்ல மாட்டார்கள். முதல் முறை வழி தெரியாது. இரண்டாவது முறை எங்கே திருப்பம் வருகிறது என்று தெரியும். மூன்றாவது முறைதான் பாட்டு உள்ளே இறங்கும். அதன் பிறகே அடுத்தவரிடம் பேச்சு. அப்படிப் பேசத் தொடங்கினால் விடிய விடியப் பேசுவார்கள். இன்று நான் சொல்ல வந்தது அந்தப் பேச்சைப் பற்றித்தான். ஒரு ரசிகர் இன்னொரு ரசிகரிடம் “இதைக் கேட்டீர்களா” என்று சொல்லிச் சொல்லியே ஓர் இசை வகை அரை நூற்றாண்டுக்கு மேல் உயிரோடு இருக்கிறது.

இந்த இசை பிறந்தது இங்கிலாந்தில், 1960களின் கடைசியில். ராக் இசையின் டிரம்ஸும் கிட்டாரும் போதவில்லை என்று நினைத்த இளைஞர்கள், மேற்கத்தியச் செவ்வியல் இசையின் நீளமான கட்டமைப்பையும், ஜாஸ் இசையின் மனோதர்மத்தையும், நாட்டுப்புறக் கதைப்பாடல்களையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். 1969 அக்டோபர் 10 அன்று கிங் கிரிம்சன் என்ற குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது. அட்டையில் எழுத்தே கிடையாது. அலறும் சிவந்த முகம் ஒன்று மட்டும். கடையில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமலே வாங்கிப் போனவர்கள் உண்டு. அந்த நாளைத்தான் ப்ராக் இசையின் பிறந்த நாளாகப் பலரும் வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த ஆல்பத்தில் வயலின் கூட்டம் வாசிப்பது போல ஓர் ஒலி வரும். ஆனால் வயலின் வாசிக்க அங்கே ஆளே இல்லை. மெல்லோட்ரான் என்ற கருவி அது. பார்க்கப் பெட்டி ஆர்மோனியம் போல இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடாத் துண்டு. அதில் உண்மையான வயலின் ஒலியையோ புல்லாங்குழல் ஒலியையோ முன்பே பதிவு செய்து வைத்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். சுமார் 8 விநாடி ஓடியதும் தீர்ந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அதனால் வாசிப்பவர் 8 விநாடிக்குள் அடுத்த சுரத்துக்குப் போயாக வேண்டும். நாடா கொஞ்சம் தள்ளாடுவதால் ஒலியிலும் மெல்லிய நடுக்கம் இருக்கும். பழுதென்று சொல்லத்தக்க அந்த நடுக்கத்துக்காகவே இன்றும் புதுக் குழுக்கள் அந்தக் கருவியைத் தேடிப் போகின்றன.

பாட்டின் நீளமும் மாறியது. மூன்று நிமிடப் பாட்டு இருபது நிமிடமாயிற்று. அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. நீண்ட நேரம் ஓடும் எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடம், சற்று நெருக்கினால் இருபத்து மூன்று நிமிடம் வரை பதியலாம். ப்ராக் குழுக்கள் ஏறத்தாழ ஒரு முழுப் பக்கத்தையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தன. யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’, ஜெனிசிஸ் குழுவின் ‘சப்பர்ஸ் ரெடி’ இரண்டும் 1972-இல் வந்தவை. முதலாவது 18 நிமிடத்துக்கு மேல். இரண்டாவது ஏறத்தாழ 23 நிமிடம். அதே ஆண்டு ஜெத்ரோ டல் குழு ஒரே பாட்டை இரண்டு பக்கத்துக்கும் நீட்டி ஒரு முழு ஆல்பமே போட்டது.

தாளம் என்று வரும்போது நம் காதுகளுக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. ராக் இசை பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் ஓடும். ப்ராக் குழுக்கள் ஐந்தில் வாசிப்பார்கள், ஏழில் வாசிப்பார்கள், ஒன்பதிலும் வாசிப்பார்கள். மேற்கே பலருக்கு இது கால் தடுக்கும் இடம். கண்ட சாபுவும் மிஸ்ர சாபுவும் கேட்டு, தொடையில் கை தட்டிப் பழகியவருக்கு என்ன தடுக்கும்? பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ என்ற பாட்டைக் கேட்டால் ஏழு எண்ணிப் பாருங்கள். தகிட தகதிமி என்று உட்காரும். கிட்டார் தனியாக வாசிக்க ஆரம்பிக்கும் இடத்தில் மட்டும் நாலுக்கு மாறும். அந்த மாற்றத்தைப் பிடித்துவிட்டால் இந்த இசையின் வாசலுக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள். பெங்களூரிலிருந்து இயங்கும் அகம் குழு கர்நாடகக் கீர்த்தனைகளையும் இந்த ராக் இசையையும் இணைத்து 2012-இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அவர்கள் இரண்டையும் இணைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உறவு தாளத்திலேயே இருக்கிறது.

1976, 77 வாக்கில் பங்க் ராக் வந்தது. வேகமான, கோபமான, சின்னப் பாட்டுகள். பத்திரிகைகள் ப்ராக் இசையை ஆடம்பரம் என்று ஒதுக்கின. இசைத்தட்டு நிறுவனங்களின் ஆர்வமும் குறைந்தது. வானொலி? இந்த ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்துகொண்டே இதைச் சொல்கிறேன்: இருபது நிமிடப் பாட்டுக்கு இடம் கொடுக்கிற வானொலி உலகத்தில் எங்குமே அரிது. செய்தி வரும், விளம்பரம் வரும், பாட்டைப் பாதியில் வெட்டியாக வேண்டும். ஆகவே புதிதாக ஒரு ப்ராக் ஆல்பம் வந்தால் அது வந்ததே பலருக்குத் தெரியாது. ஒருவர் சொல்லி இன்னொருவருக்குத் தெரிந்தால்தான் உண்டு.

இதைச் சொல்லும்போது மரிலியன் குழுவின் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது.

மரிலியன் 1979-இல் இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரி ஊரில் தொடங்கிய குழு. ப்ராக் செத்துவிட்டது என்று எல்லாரும் சொன்ன காலத்தில், 1985-இல், அவர்களுடைய ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. பிறகு பாடகர் மாறினார். நிறுவனத்தின் ஆதரவு போயிற்று. 1997-இல் அமெரிக்க ரசிகர்கள் இங்கே எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள். வந்தால் சுமார் 60,000 டாலர் நட்டம், எங்களால் தாங்க முடியாது என்று குழுவின் கீபோர்டு கலைஞர் மார்க் கெல்லி உள்ளதைச் சொன்னார். ரசிகர்கள் தங்களுக்குள் பேசினார்கள். வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த 60,000 டாலரையும் தாங்களே திரட்டினார்கள். குழு கடல் தாண்டிப் போய் வாசித்தது. பணம் கொடுத்தவர்கள் அதற்கு மேல் நுழைவுச் சீட்டையும் காசு கொடுத்தே வாங்கினார்கள்.

அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆல்பத்துக்கு நிறுவனத்தின் வாசலில் போய் நிற்பதற்குப் பதிலாக, குழு நேராக ரசிகர்களிடம் கேட்டது: இன்னும் பதிவு செய்யாத ஓர் ஆல்பத்துக்கு இப்போதே பணம் கொடுப்பீர்களா? 12,000-க்கும் மேற்பட்டோர் கொடுத்தார்கள். ஒரு சுரம்கூடக் கேட்காமல் கொடுத்தார்கள். 2001-இல் ‘அனொரக்னோஃபோபியா’ என்ற ஆல்பம் அப்படித்தான் வந்தது. மக்களிடம் முன்பணம் திரட்டிப் படைப்பு உருவாக்க உதவும் கிக்ஸ்டார்ட்டர் நிறுவனம் பிறந்தது 2009-இல். இவர்கள் அதற்கு எட்டு ஆண்டு முன்பே செய்துவிட்டார்கள். 2004-இல் ‘மார்பிள்ஸ்’ ஆல்பத்துக்கும் இதே வழி. முன்பணம் கொடுத்தவர்களின் பெயர்களை ஆல்பத்தோடு வந்த புத்தகத்திலேயே அச்சிட்டார்கள். நம் கோயில் குழல்விளக்கில் உபயம் எழுதுவார்களே, எனக்கு அந்த நினைவுதான் வந்தது. எழுதியதைப் பெருமைக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் விளக்கு எரிகிறது அல்லவா? அந்த ஆல்பத்தின் முதல் சிங்கிள் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஏழாம் இடத்துக்கு வந்தது. 2022-இல் வந்த அவர்களுடைய ஆல்பம் இரண்டாம் இடத்தைத் தொட்டது.

மரிலியன் ரசிகர்கள் நெதர்லாந்தின் போர்ட் ஸேலண்ட் என்ற கடலோர விடுதி வளாகத்தில் மூன்று நாள் கூடுவார்கள். மூன்று இரவும் குழு வெவ்வேறு நிகழ்ச்சி வாசிக்கும். அங்கே பகலில் நடக்கும் பேச்சை யோசித்துப் பாருங்கள். பல நாட்டுக்காரர்கள், பல மொழிக்காரர்கள். காலைச் சிற்றுண்டி மேசையிலேயே தொடங்கிவிடும்: “இந்த வருஷம் நீங்கள் கேட்டதில் எது சிறந்தது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பல ஆண்டு ஒரே பதில் இருந்தது: பிக் பிக் ட்ரெய்ன். 1990-இல் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ன்மவுத்தில் தொடங்கிய குழு. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2009-இல் டேவிட் லாங்டன் என்ற பாடகர் வந்த பிறகுதான் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் பெயர் பரவியது. ராஜாக்களையும் மந்திரவாதிகளையும் பாடாமல் இவர்கள் ரயில் எஞ்சின் செய்தவர்களையும், கப்பல் கட்டியவர்களையும், சுரங்கத்தில் உழைத்தவர்களையும் பாடினார்கள். ரசிகர்களுக்கு ‘பயணிகள்’ என்றே பெயர்.

அவர்களுடைய ‘ஈஸ்ட் கோஸ்ட் ரேசர்’ பாட்டை ஒரு முறை கேளுங்கள். 2013-இல் வந்தது, 15 நிமிடத்துக்கு மேல் ஓடும். கதை உண்மைக் கதை. 1938 ஜூலை 3 அன்று மல்லார்ட் என்ற நீராவி எஞ்சின் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடியது, அதாவது ஏறக்குறைய 203 கிலோமீட்டர். நீராவி எஞ்சின்களில் அந்தச் சாதனையை இன்றுவரை எதுவும் முறியடிக்கவில்லை. வடிவமைத்தவர் நைஜல் கிரெஸ்லி, ஓட்டியவர் ஜோ டடிங்டன். அன்றைய ஓட்டத்திலேயே எஞ்சினின் ஒரு தாங்குருளை சூடேறிப் பழுதாகி, வண்டி வழியில் நின்றுவிட்டது. பாட்டு பியானோவில் அமைதியாகத் தொடங்கும். பிறகு டிரம்ஸ் சேரும். பேஸ் கிட்டார் சக்கரம் போலச் சுழலத் தொடங்கும். வயலின் வரும், பித்தளை வாத்தியங்கள் வரும். ஓர் இடத்தில் எல்லாம் சேர்ந்து மேலே எழும்பும்போது, அது வெறும் எஞ்சினைப் பற்றிய பாட்டாக எனக்குத் தோன்றவில்லை. தன் கையால் ஒன்றைச் செய்து, அது ஓடுவதைத் தள்ளி நின்று பார்க்கிற தொழிலாளியின் நெஞ்சம் அது. பத்துத் தடவைக்கு மேல் கேட்டும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்காமல் இருந்ததில்லை.

2021 நவம்பரில் டேவிட் லாங்டன் ஒரு விபத்தில் இறந்துபோனார். பயணிகள் எல்லாரும் திகைத்து நின்றார்கள். குழு கலைந்துவிடும் என்றே நானும் நினைத்தேன். கலையவில்லை. இத்தாலியிலிருந்து ஆல்பெர்ட்டோ பிராவின் என்ற பாடகர் வந்தார். 2024 மார்ச் 1 அன்று அவர் குரலோடு ‘தி லைக்ஸ் ஆஃப் அஸ்’ வெளிவந்தது. அதில் ‘மிராமரே’ என்று ஒரு பாட்டு. இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரத்துக்கு அருகே கடலை ஒட்டி நிற்கும் கோட்டையின் பெயர் அது. அதைக் கட்டிய மாக்ஸிமிலியன் மெக்சிகோவுக்குப் பேரரசராகப் போய், 1867-இல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆங்கிலேய ரயில்களைப் பாடிய குழு, புதுப் பாடகரின் நாட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டது. லாங்டன் குரலை நான் இன்னும் தேடுகிறேன். ஆனாலும் இந்த ஆல்பத்தை மனதாரச் சிபாரிசு செய்கிறேன்.

இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் நாட்டு ஓபெத் குழு 2024 நவம்பரில் ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ என்று ஓர் ஆல்பம் கொடுத்தது. முதல் உலகப் போர் முடிந்த காலம். பணக்காரக் கிழவர் ஒருவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் முன்னால் உயில் வாசிக்கிறார்கள். எட்டுப் பாட்டில் ஏழுக்குப் பெயரே இல்லை. உயிலில் பத்தி ஒன்று, பத்தி இரண்டு என்று இருக்குமே, அந்தக் குறிதான் தலைப்பு. ஒவ்வொரு பத்தியிலும் குடும்பத்தின் ஒரு ரகசியம் உடைகிறது. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் இதில் உயில் வாசகத்தைப் பேசுகிறார், புல்லாங்குழலும் ஊதுகிறார். 1972-இல் ஒரே பாட்டுக்கு ஓர் ஆல்பம் கொடுத்த அதே மனிதர். இந்த ஆல்பத்தில் வரும் உறுமல் குரல் பிடிக்காதவர்களும் சற்றுப் பொறுத்துக் கேட்கலாம். செத்தவரின் கோபத்துக்கு அந்தக் குரல் பொருந்துகிறது. இன்னொன்று அமெரிக்காவின் ட்ரீம் தியேட்டர் குழு 2025 பிப்ரவரியில் கொடுத்த ‘பாராசோம்னியா’. டிரம்ஸ் கலைஞர் மைக் போர்ட்னாய் 2010-இல் பிரிந்து 2023-இல் திரும்பியதற்குப் பிறகு வந்த முதல் ஆல்பம் இது. தூக்கத்தில் வரும் தொல்லைகள்தான் விஷயம். விரல் வேகம் பிரமிக்க வைக்கிறது. எனக்கு ஓரிரு இடங்களில் வேகம் மட்டுமே மிஞ்சியது. என் நண்பரோ இதைத்தான் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்கிறார். இந்த வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

ரசிகர்களுக்குள் இதைவிடப் பெரிய வழக்கு ஒன்று உண்டு. 1975-க்குப் பிறகு வந்ததெல்லாம் நகல் என்று சொல்கிறவர்கள் ஒரு பக்கம். புரோக்ரசிவ் என்றால் முன்னேறுவது, ஐம்பது ஆண்டு முந்தைய ஒலியையே திரும்பத் திரும்பச் செய்வது எப்படி முன்னேற்றம் ஆகும் என்று கேட்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சி. ஆனால் பழசை மதிப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நண்பர் தொலைபேசியில் சொன்ன ஸ்டீவன் வில்சனையே பாருங்கள். கிங் கிரிம்சன், யெஸ், ஜெத்ரோ டல், ஜென்டில் ஜயன்ட் குழுக்களின் பழைய மூல ஒலிநாடாக்களை எடுத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகக் கேட்டு, தூசி துடைத்து, மறுபடி ஒலிக்கலவை செய்து கொடுத்தவர் அவர். அந்தப் பழைய வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தன் ஆல்பத்தில் அந்த வீட்டைத் திரும்பக் கட்டவில்லை.

நண்பர் கேட்கச் சொன்ன ஆல்பம் அதுதான்: ‘தி ஓவர்வ்யூ’. 2025 மார்ச் 14 வெளியீடு. இரண்டே பாட்டு. ஒன்று 23 நிமிடம், இன்னொன்று 18 நிமிடம். எல்.பி. தட்டின் பக்கத்துக்கு ஒன்று. விண்வெளிக்குப் போன வீரர்கள் அங்கிருந்து பூமியைத் திரும்பிப் பார்க்கும்போது மனத்தில் ஒரு பெரும் மாற்றம் நிகழ்கிறது. ஃபிராங்க் ஒயிட் என்ற எழுத்தாளர் 1987-இல் அதற்கு ‘ஓவர்வ்யூ எஃபெக்ட்’ என்று பெயர் வைத்துப் புத்தகம் எழுதினார். வில்சனின் பாட்டுக்கு வித்து அந்த எண்ணம்தான்.

முதல் இரவு கேட்டேன். தொடக்கத்தில் உச்சக் குரலில், மிக மெல்லிய பாட்டு. பிறகு எங்கெங்கோ போயிற்று. எனக்குப் பிடி கிடைக்கவில்லை. இரண்டாவது இரவு, முதல் பாட்டின் ஒரு பகுதியில் நின்றேன். அதன் வரிகளை எழுதியவர் எக்ஸ்.டி.சி. குழுவின் ஆண்டி பார்ட்ரிட்ஜ். பூமியில் சாதாரண மனிதர்களுக்கு நடக்கும் சின்னச் சின்னச் சம்பவங்களையும், வானத்தில் அதே கணத்தில் நடக்கும் பிரம்மாண்டமான சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். எது பெரியது என்று அவர் சொல்வதில்லை. மூன்றாவது இரவு, இரண்டாவது பாட்டுக்குள் போனேன். வில்சனின் மனைவி ரோட்டெம், ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் வான்பொருள்களின் பெயர்களையும் தொலைவுகளையும் அளவுகளையும் வாசித்துக்கொண்டே போகிறார். பத்தின் அடுக்குகளாக எண்கள் பெருகுகின்றன. அடியில் மின்னணுத் தாளம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எண்கள் பெரிதாகப் பெரிதாக, நான் உட்கார்ந்திருந்த நாற்காலி சின்னதாகிக்கொண்டே போனது. கடைசிப் பகுதி மிகவும் அமைதியானது. பாட்டு முடிந்துவிட்டதா, இன்னும் ஒலிக்கிறதா என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் நண்பரைக் கூப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினோம். அவருக்கு முதல் பாட்டு உயர்வு, எனக்கு இரண்டாவது. பேச்சை முடிக்கும்போது அவர் கேட்டார்: “சரி, நீங்கள் இதை யாருக்குச் சொல்லப் போகிறீர்கள்?”

அதனால்தான் இன்று உங்களிடம் வந்து சொல்கிறேன். இந்த வாரம் ஏதாவது ஓர் இரவு, அடுப்படி வேலையெல்லாம் முடிந்த பிறகு, கைப்பேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். முழு ஆல்பம் வேண்டாம். ‘தி ஓவர்வ்யூ’ ஆல்பத்தின் முதல் பாட்டு, 23 நிமிடம் போதும். அல்லது மல்லார்ட் எஞ்சினின் அந்த 15 நிமிடம். முதல் முறை பிடிக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம், யாருக்கும் பிடிப்பதில்லை. மூன்று முறை கேட்டுவிட்டு, பிடித்திருந்தால் ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் எங்களுக்கு எழுதுங்கள். ஏன் பிடிக்கவில்லை என்பதை நான் கட்டாயம் கேட்க வேண்டும்.